ஒரே ஒலிபரப்பில் பல ஊர்கள்: திருகோணமலையில் மாணவர் வானொலி நடத்திய அனுபவம்

மாணவர் வானொலி தொடங்கப்போகிறோம் என்று வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது மைக்கைப் பற்றித்தான். எது வாங்கலாம், எவ்வளவு முடியும், மிக்ஸர் கட்டாயமா என்று கேட்பார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு. "செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு என்ன போகும்? அதை ஆர் செய்யிறது? அந்த ஆளுக்குச் சோதனை வந்தா அவருக்குப் பதிலா ஆர்?" இதற்கு உடனே பதில் சொல்லக்கூடிய குழுவின் வானொலி ஓடும். மைக் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிவிடலாம்.

திருகோணமலையில் படித்த காலத்தில் எங்கள் மாணவர் வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பு என்னிடம் இருந்தது. வானொலி என்றதும் கோபுரமும் கண்ணாடி போட்ட கலையகமும் நினைக்க வேண்டாம். கன்டீனிலும் விடுதி விறாந்தையிலும் கட்டிய ஒலிபெருக்கிகள், இணையத்தில் ஓர் ஒலியோடை, டேட்டா இல்லாதவர்களுக்கு வட்ஸ்அப்பில் போகும் ஒலிக்கோப்பு. இவ்வளவும்தான். எஃப்எம் அலைவரிசை நினைத்தவுடன் எடுக்கக்கூடியதல்ல. அலைவரிசைகளை நிர்வகிப்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழுள்ள ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. ஒலிபரப்பு அனுமதி ஊடக அமைச்சின் பக்கம். சின்ன டிரான்ஸ்மிற்றர் ஒன்றை வாங்கிப் பூட்டினால் என்ன என்று ஒவ்வொரு பட்சிலும் ஒருவராவது கேட்பார். வேண்டாம். சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் துறைமுகத்தில் கடற்படையும் இருக்கிற ஊரில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

எங்களுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி 2004 பெப்ரவரியிலிருந்து நடக்கிறது. எங்கள் நாட்டில் கொத்மலை சமூக வானொலி 1989இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ் தொடங்கியது. தொண்ணூறுகளின் இறுதியில் அங்கே ஒரு நல்ல வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். கிராமத்தவர் கேட்கும் கேள்விக்கு அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, தெரிந்தவரையும் பக்கத்தில் இருத்தி, ஒலிபரப்பிலேயே பதில் சொல்வார். வீட்டில் இணையம் இல்லாத காலத்தில் அது எவ்வளவு பெரிய உதவி! அந்த வழக்கத்தை அப்படியே எடுத்து, புலமைப்பரிசில் அறிவித்தல்களுக்கும் விண்ணப்ப முடிவுத் திகதிகளுக்கும் நாங்கள் பயன்படுத்தினோம். இன்றைக்கும் அது தேவைப்படுகிறது. வர்த்தமானி மொழியில் வரும் அறிவித்தலை வாசித்து விளங்கிக்கொள்வது முதலாம் வருடப் பிள்ளைக்கு லேசான காரியமில்லை.

பழைய ஆட்களோடு கதைத்தால், திருகோணமலைக்கு வடக்கே எண்பதுகளில் எழுந்த ஜேர்மன் வானொலியின் மறுஒலிபரப்பு நிலையத்தைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் மண்ணில் நின்ற அந்தக் கோபுரங்களிலிருந்து ஆசியா முழுவதற்கும் சிற்றலையில் குரல்கள் போயின. குச்சவெளிக் கரையின் குரல் அதில் போகவில்லை. அதைப் போக வைக்கிற வேலை வேறு யாருடையதும் இல்லை, எங்களுடையது என்றுதான் எனக்கு அப்போது பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

வளாகத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். மூதூர், கிண்ணியா, புல்மோட்டை, தம்பலகாமம், சம்பூர், கந்தளாய்ப் பிள்ளைகள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகத்திலிருந்து வந்தவர்கள். தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்கள். இத்தனை பேருக்கும் என்ன ஒலிபரப்புவது என்று கூட்டத்தில் கதை வந்தபோது, "எல்லாருக்கும் பிடிச்ச மாதிரி ஒண்டு செய்வம்" என்றுதான் பலரும் சொன்னார்கள். நான் அதை எதிர்த்தேன். எல்லாருக்கும் பிடித்ததைத் தேடிக்கொண்டு போனால், கடைசியில் கையில் மிஞ்சுவது சினிமாப் பாட்டும் இரண்டு பொன்மொழியும்தான். அது எல்லா வானொலியிலும் கிடைக்கிறது. எங்களிடம் மட்டும் கிடைக்கக்கூடியது அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. ஆகவே ஒவ்வொரு நேரத்தையும் ஒரு குழுவுக்குச் சொந்தமாக்கினோம். உங்கள் ஆட்களோடு நீங்கள் கதைப்பது போலவே கதையுங்கள், மற்றவர்களுக்காகத் தண்ணீர் கலக்காதீர்கள் என்று சொன்னோம். பக்கத்து நிகழ்ச்சிக்காக வந்து காத்திருப்பவர் இதையும் காதில் வாங்குவார். அப்படி வாங்கியவர்கள்தான் பிறகு புதிய நிகழ்ச்சிகளோடு வந்தார்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நேரம் அசையக்கூடாது. நிகழ்ச்சிகள் எவ்வளவுக்கு வேறுபட்டவையோ அவ்வளவுக்கு நேர அட்டவணை இறுக்கமாக இருக்க வேண்டும். வியாழன் ஏழு மணிக்குக் கவி என்றால் வியாழன் ஏழு மணிக்குக் கவிதான். இன்றைக்கு நாடகக் குழு தயாராக இல்லை, அதற்குப் பதிலாகக் கவியை முன்னுக்குப் போடுவோம் என்று ஒருமுறை அசைத்தால், கவி கேட்க வருகிறவருக்கு அடுத்த கிழமை நம்பிக்கை இருக்காது. இதனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் திகதி ஒட்டாத இரண்டு பாகங்களைக் கையிருப்பாக வைக்கச் சொன்னோம். 'இன்று', 'நேற்று', 'இந்தக் கிழமை' என்ற சொற்கள் அந்தப் பாகங்களில் வரக்கூடாது. சோதனைக் காலத்தில் எங்களைக் காப்பாற்றியது அந்தக் கையிருப்புத்தான்.

அட்டவணையில் அசையக்கூடிய ஒன்று மட்டும் இருந்தது. பொழுதுபட்டதும் தொழும் மஃரிப் நேரம். திருகோணமலையில் பொழுதுபடும் நேரம் வருடத்துக்குள் முக்கால் மணித்தியாலம் அளவுக்கு முன்பின் போகும். பாங்கு சொல்லும்போது விடுதியில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருப்பது முறையில்லை. கோயில் பூசை மணியும் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான். ஆகவே ஐந்திலிருந்து பொழுதுபடும் வரை ஒரு பகுதி, ஏழிலிருந்து ஒன்பது வரை இன்னொரு பகுதி என்று பிரித்தோம். இடைவெளி எல்லாருக்கும் பொது. பின்னேரப் பகுதியின் கடைசி நிகழ்ச்சியை மட்டும் நீட்டிக் குறுக்கக்கூடியதாக வைத்தோம். கலப்பு ஊர்களில் வானொலி நடத்துகிறவர்கள் இதை முதல் நாளே யோசித்து வைத்தால் பிறகு மனத்தாங்கல் வராது.

இனி நிகழ்ச்சிகள். ஐந்து மணிக்குக் கடல் நிலவரம். குச்சவெளிப் பக்கத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டான். தகப்பன் கடலுக்குப் போகிறவர். வளிமண்டலவியல் திணைக்களம் தரும் கடற்பரப்பு அறிக்கையில் எங்களுக்குரிய பகுதியை முதலில் வாசிப்பான். காற்றின் திசை, மணிக்கு எத்தனை கிலோமீற்றர், மழை, அலை. பிறகு தகப்பனோடு போனில் இரண்டு நிமிடக் கதை. "இண்டைக்கு எப்படி அப்பா?" "கச்சான் வெறி கொண்டு அடிக்குது மகன். விடியப்புறம் கொஞ்சம் விட்டுக்குடுக்கும்." கச்சான், வாடை, கொண்டல், சோளகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லிக் கதைக்கிற அந்த இரண்டு நிமிடத்துக்காக, கடலோடு ஒரு தொடர்பும் இல்லாத பிள்ளைகள் கன்டீனில் தேத்தண்ணியோடு காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். விடுதிச் சமையல் அக்காவுக்கு நாளைக்குச் சூடை வருமா கீரி வருமா என்பது தெரிய வேண்டும். புறாமலைத் தீவுக்குப் போகத் திட்டம் போட்டவர்களுக்குப் போட் ஓடுமா என்பது தெரிய வேண்டும்.

இந்த நிகழ்ச்சியில் ஒரு கட்டுப்பாட்டை மிகவும் கண்டிப்பாக வைத்திருந்தோம். திணைக்களத்தின் அறிக்கையை வரி பிசகாமல், எத்தனை மணிக்கு வெளியிட்டது என்ற விபரத்தோடு வாசிக்க வேண்டும். தகப்பனின் அனுபவக் கதை அதற்குப் பிறகு, தனியாக, "இது கரையில் இருப்பவர் சொல்வது" என்ற முகவுரையோடு வர வேண்டும். இரண்டையும் குழைக்கக்கூடாது. எச்சரிக்கை அறிவித்தல் உள்ள நாளில் கதையே இல்லை, அறிக்கை மட்டும், அதுவும் இரண்டுதரம். 2004 டிசம்பர் 26இன் சுனாமியைக் கண்ட கரை இது. கடலைப் பற்றிய தகவலில் சுவாரசியத்துக்கு இடம் கொடுக்க முடியாது.

அந்த மாணவன் மூலமாகத்தான் அம்பாப் பாடல்கள் வந்தன. கரைவலை இழுக்கும்போது பாடுவது. கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் கரைக்குப் போய், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டு, இழுவை நடக்கும்போதே பதிந்தோம். பாடுங்கள் என்று தனியாக இருத்திப் பாட வைத்தால் அந்த மூச்சு வராது. வலையின் கனத்தில்தான் அந்த இழுப்பும் அந்த ஏற்ற இறக்கமும் இருக்கின்றன. கஷ்டம் என்னவென்றால் காற்று. போனின் மைக்கில் கச்சான் நேராக அடித்தால் குரல் ஒன்றும் மிஞ்சாது, பொருபொருவென்று இரைச்சல்தான். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் உடம்புதான் மறைப்பு. போனுக்குத் தடித்த காலுறை ஒன்றைப் போடுங்கள், அல்லது கழுவி உலர்த்திய பஞ்சை மைக் துவாரத்தின் மேல் றப்பர் பட்டியால் கட்டுங்கள். இழுக்கிறவர்களின் வரிசையில் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் நின்றால் முதற்குரலும் சேர்குரலும் பிரிந்து கேட்கும். நடுவில் நின்றால் எல்லாம் ஒரே கூட்டமாகத் தெரியும்.

கிண்ணியா நிகழ்ச்சி எனக்கு மிகவும் நெருக்கமானது. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 396 மீற்றர், இலங்கையில் மிக நீளமான பாலம் என்று சொல்லித்தான் திறந்தார்கள். அதற்கு முதல் துறையடியில் பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றிக் கடத்தும் மிதவையில்தான், கடக்க வேண்டும். பாலத்தில் பஸ்ஸில் போய்வந்து படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதையில் கடந்த காலம் கதையாகத்தான் தெரியும். கிண்ணியாவிலிருந்து வந்த மாணவி ஒருவர், "எங்கட மூத்தவங்க இருக்கிறப்பவே இத பதிஞ்சு வைக்கணும்" என்று சொல்லி, தன் வாப்பாவின் கூட்டாளிகளில் தொடங்கி, துறையடியில் கடை வைத்திருந்தவர், பாதைக்குக் காத்திருந்து வேலைக்குப் போன ஆசிரியை என்று ஒவ்வொருவராகத் தேடிப் போனார்.

ஆட்களிடம் கேட்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அவரிடம்தான். "அந்தக் காலத்த நினைக்கிறப்ப உங்களுக்கு என்ன உணர்வு வருது?" என்று மூத்தவர்களிடம் கேட்டால், "நல்லம் மகள், என்ன செய்யிறது" என்று முடிந்துவிடும். அவர் கேட்டவை வேறு மாதிரி. முதல் பாதை எத்தனை மணிக்கு? மழை வந்தால் எங்கே ஒதுங்குவீர்கள்? கடைசிப் பாதையைத் தவறவிட்டால் எங்கே படுப்பது? பிள்ளைப்பேற்றுக்குப் போகிற ஆளை வரிசையில் முன்னுக்கு விடுவார்களா? பொருள், இடம், நேரம் என்று கேட்கக் கேட்க, உணர்வு தானாக வந்து சேர்ந்தது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் அவருக்குத் தெரியும். பதில் முடிந்தது என்று நாம் நினைக்கிற இடத்துக்குப் பிறகு ஐந்து விநாடி பொறுத்தால், பெரும்பாலும் அந்த ஐந்து விநாடிக்குப் பிறகுதான் நல்ல கதை வரும்.

இந்த மாவட்டத்தில் மூத்தவர்களின் கதையைக் கேட்கப் போனால் எந்த வழியாகப் போனாலும் போரில் வந்து முட்டும். பாதையைப் பற்றிக் கேட்கப் போன இடத்தில், 2006இல் சண்டைக்குள் மூதூரிலிருந்து சனம் கந்தளாய்க்கு நடந்தே போன கதையைக் கேட்டோம். சம்பூர்க்காரரிடம் போனால் காணி விட்டுப் பல வருடம் முகாமில் இருந்த கதை. மாணவர் வானொலிக்கு அந்தக் கதைகளைத் தேடிப் போகும் உரிமை இல்லை என்பது என் எண்ணம். தானாக வந்தால் மரியாதையோடு கேட்கலாம். குரல் உடைந்தால் பதிவை நிறுத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, வேறு கதை கதைக்க வேண்டும். பதிந்ததைச் சொன்னவருக்கே முழுதாகப் போட்டுக் காட்ட வேண்டும். அன்றைக்கு ஓம் என்றவரிடம் சில நாள் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும், ஏனென்றால் முதல் ஓம் பல வேளைகளில் வீட்டுக்கு வந்த பிள்ளைகளின் முகத்துக்காகச் சொன்னது. வேண்டாம் என்று இரண்டாந்தரம் சொன்னவர்களின் பதிவுகளை நாங்கள் ஒலிபரப்பவில்லை. குடும்பத்தாருக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டு, எங்களிடம் இருந்ததை அழித்தோம்.

கிண்ணியா நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு வந்தவன் கந்தளாயைச் சேர்ந்த சிங்கள மாணவன். கந்தளாய்க் குளத்தின் அணை 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவனுடைய வீட்டில் அதைப் பற்றி இன்னமும் கதைப்பார்களாம். "அந்தப் பாதை நிகழ்ச்சி மாதிரி நானும் செய்யலாமா?" என்று கேட்டான். அப்படித்தான் இருமொழி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. நல்லிணக்கம் என்று தலைப்புப் போட்டு யாரும் திட்டமிடவில்லை.

இருமொழி நிகழ்ச்சி செய்ய விரும்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஒருவர் சொல்ல மற்றவர் வரிக்கு வரி மொழிபெயர்த்தால் கேட்கிறவர்கள் எழும்பிப் போய்விடுவார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு எல்லாம் இரண்டுதரம், ஒன்று மட்டும் தெரிந்தவருக்குப் பாதி நேரம் வெறுமை. நாங்கள் செய்தது உரையாடல். அவன் சிங்களத்தில், அணை உடைந்தது விடியப்புறம் மூன்று மணிக்கு என்பான். தமிழ் அறிவிப்பாளர் உடனே, "மூண்டு மணிக்கா? சனம் நல்ல நித்திரையில இருந்திருக்குமே, தண்ணி வாறது எப்பிடித் தெரிஞ்சது?" என்பார். கேள்விக்குள்ளேயே போன விடயம் வந்துவிடுகிறது. சிங்களம் தெரியாதவருக்குக் கதை அறுபடாது, தெரிந்தவருக்குச் சலிப்பு வராது. இதற்கு ஒத்திகை வேண்டும், இரண்டு அறிவிப்பாளருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்கு ஓரளவாவது விளங்க வேண்டும். எழுத்துப்பிரதி வேண்டாம், குறிப்புப் போதும்.

சித்த மருத்துவம் படிக்கும் மாணவர்கள் கோணேசபுரியில் இருக்கிறார்கள் என்பது திருகோணமலைக்கு ஒரு கொடை. அவர்களோடு சேர்ந்து செய்த இலை நிகழ்ச்சிக்குத்தான் வெளியிலிருந்து அதிகம் குரல்பதிவுகள் வந்தன. முசுட்டை, தூதுவளை, வல்லாரை, பொன்னாங்காணி. வேலியில் எப்படி அடையாளம் காண்பது, எதோடு எதைக் குழப்பிக்கொள்வோம், வறை செய்வதா, கஞ்சியில் போடுவதா என்று கதைத்தார்கள். இதில் ஒரே ஒரு சட்டம். உணவாக இலையைப் பற்றிக் கதைக்கலாம், நோய்க்கு அளவு சொல்லக்கூடாது. "எனக்குச் சீனி வருத்தம், எவ்வளவு குடிக்கலாம்?" என்று குரல்பதிவு வந்தால், வைத்தியரிடம் நேரில் போங்கள் என்பதைத் தவிர வேறு பதில் ஒலிபரப்பில் போகாது. கேட்டவர் ஏற்கனவே என்ன மருந்து எடுக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. மாணவ வைத்தியர்களே இதில் எங்களைவிடக் கண்டிப்பாக இருந்தார்கள்.

உதைபந்தாட்ட வர்ணனை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருகோணமலைக்கும் கிண்ணியாவுக்கும் உதைபந்து என்றால் உயிர், ஆகவே கேட்க ஆள் தேட வேண்டியதில்லை. தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த பிள்ளை வர்ணனை செய்யும்போது "அருமையான அடி!" என்று கத்தும், எங்கே இருந்து எங்கே போனது என்று சொல்லாது. ஆட்டம் தொடங்க முதல் மைதானத்துக்கு இரண்டு அடையாளம் கொடுங்கள், கடற்பக்கக் கோல், றோட்டுப் பக்கக் கோல் என்று. பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒவ்வொரு வசனத்திலும் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கோல் கணக்கைச் சொல்லுங்கள். இடையில் வந்து சேருகிறவர் அதற்காகத்தான் காத்திருப்பார்.

வானொலி நாடகத்தில் நான் வியந்தது கடலின் சத்தம். நிலாவெளியில் அலையைப் பதிந்து நாடகத்தில் போட்டுப் பார்த்தால், அலைவரிசை பிடிபடாத ரேடியோவின் இரைச்சல் மாதிரித்தான் கேட்கிறது. போனுக்கு அந்த ஆழம் பிடிபடாது. சுளகில் ஒரு பிடி பயறைப் போட்டு மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்தால், காதுக்கு அதுதான் கடல். உட்துறைமுகத்தின் கரையில் கல்லில் தண்ணீர் மெதுவாக மோதுவதை மட்டும், மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பதிந்தால் உண்மைச் சத்தம் எடுபடும். கண் பார்க்காத இடத்தில் காது எதை நம்புகிறது என்பதைப் பரீட்சித்துப் பார்க்க நாடகத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நேரம் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு நாடகமாவது செய்யுங்கள். அதில் வேலை செய்தவர்கள் மற்ற நிகழ்ச்சிகளையும் வேறு தரத்தில் செய்வார்கள்.

பாட்டு விடயத்தில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஆக்கியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் உரிமை உண்டு. இணையத்தில் சினிமாப் பாட்டைப் போட்டால் தளங்களே சத்தத்தை நிறுத்திவிடுவதும் உண்டு. எங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு நல்லதாகவே முடிந்தது. வளாகத்துக்குள் பாடுகிறவர்களைத் தேட வேண்டி வந்தது. விடுதி அறையில் ரப் பாட்டு எழுதிக்கொண்டிருந்த பொடியன், பக்கீர்மார் றபான் அடித்துப் பாடும் பக்கீர் பைத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை, மிருதங்கம் படித்துவிட்டு முதலாம் வருடத்திலேயே அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டவர். இவர்களை வெளியே கொண்டுவந்தது அந்தச் சட்டந்தான். பாடுகிறவரிடம் ஒலிபரப்பவும் சேமித்து வைக்கவும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், நண்பராக இருந்தாலும்.

விருப்பப் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து என்பவற்றில் ஒரு கவனம் வேண்டும். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த ஊர் இது, பெயரை வானொலியில் கேட்பதில் ஒரு தனி மகிழ்ச்சி எல்லாருக்கும் உண்டு. ஆனால் ஒரு பெண்பிள்ளையின் பெயரை யாரோ அனுப்பி நாங்கள் வாசித்தால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை பட்சுக்குள் படும் பாட்டை நாங்கள் பார்க்க மாட்டோம். பெயருக்குரியவர் தானே உறுதிசெய்யாமல் எந்தப் பெயரும் வாசிக்கப்படாது என்று வைத்தோம். வாழ்த்துகளின் எண்ணிக்கை குறைந்தது. அது பரவாயில்லை.

2022இன் மின்வெட்டுக் காலம் எங்களுக்கு ஒரு சோதனை. மார்ச் மாதக் கடைசி நாளில் நாட்டில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. ஒலியோடை நின்றது, விடுதி ஒலிபெருக்கியும் நின்றது. அந்த நாட்களில் அதிகம் கேட்கப்பட்டது எது தெரியுமா? மின்வெட்டு அட்டவணையை ஊர் வாரியாக வாசித்த மூன்று நிமிடக் குரல்பதிவு. அறிவித்தலில் இடங்களை ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட குழுக்களாகப் பிரித்திருப்பார்கள். உப்புவெளி எந்தக் குழு, தம்பலகாமம் எந்தக் குழு என்று தேடிப் பிடித்து, எங்கள் பிள்ளைகள் ஊர்ப் பெயரில் வாசித்தார்கள். வட்ஸ்அப்பில் அது கை மாறி மாறிப் போனது. அதற்குப் பின்னால் ஒட்டி அனுப்பிய கவியையும் கதையையும் சனம் கேட்டது. தேவையான தகவல் வாசலைத் திறந்து கொடுக்க, மற்ற நிகழ்ச்சிகள் உள்ளே போயின.

கோப்பின் அளவை அப்போதுதான் சரியாகக் கணக்கிட்டோம். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. மோனோவில் விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் எம்பி3 ஆக்கினால் அரை மணித்தியாலம் 14.4 எம்பி. வட்ஸ்அப்பில் ஒலிக்கோப்புக்கு இருந்த 16 எம்பி எல்லைக்குள் அது அடங்கும். அதனால்தான் எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் அரை மணித்தியாலத்துக்குள் நின்றன. இசைக்கு மட்டும் 128 வைத்தோம், அது கால் மணித்தியாலம். டேட்டா வாங்கிக் கேட்கிறவரின் காசை நாம்தான் யோசிக்க வேண்டும்.

தொகுப்புக்கு ஓடாசிட்டி என்ற மென்பொருள் போதும். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். பதிவுக்கு அறை முக்கியம். வெறும் சுவரும் ஓட்டுத் தரையும் உள்ள அறையில் எவ்வளவு விலையான மைக்கும் கிணற்றுக்குள் கதைப்பது போலத்தான் எடுக்கும். மெத்தையைச் சுவரில் சாய்த்து, துணி தொங்கும் அலுமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் இருந்து கதையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். எங்கள் ஊர் வெக்கைக்கு அது தண்டனைதான், அதனால் ஒரே இருப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் பதிய வேண்டாம். பின்னேரம் ஐந்துக்குக் காகங்கள் கூடும், அந்த நேரத்தைத் தவிருங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். 'ப', 'ட' வெடிக்காது.

நல்ல நிகழ்ச்சிகள் இறந்துபோவது பட்டமளிப்பு விழாவோடுதான். செய்தவர் போய்விடுவார், பதிவுகள் அவருடைய போனோடு போய்விடும். கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள், நிகழ்ச்சி, ஊர் என்ற ஒழுங்கில் வையுங்கள். தொகுக்காத மூலப் பதிவையும் சேருங்கள். இரண்டு ஹாட் டிஸ்க், இரண்டு வெவ்வேறு வீட்டில். அனுமதிக் கடிதத்தின் படமும் அதே கோப்புறையில். கதை சொன்ன பெரியவருக்கு அவருடைய பதிவை அவருடைய போனிலோ மகனுடைய போனிலோ கட்டாயம் போட்டுக் கொடுங்கள். எங்கள் சேமிப்பு அழிந்த பதிவு ஒன்றை, மூதூரில் ஒரு குடும்பத்திடமிருந்து திரும்ப வாங்கியிருக்கிறோம்.

அட்டவணையில் இன்னும் ஒன்று உண்டு, புதிய குழுக்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது. கிழமையில் ஓர் அரை மணித்தியாலத்தை யாருக்கும் கொடுக்காமல் வெறுமையாக விடுங்கள். நாங்கள் விட்டது புதன் இரவு எட்டரை. எந்த மாணவரும் ஐந்து நிமிட மாதிரி ஒன்றைப் போனில் பதிந்து திங்கட்கிழமைக்குள் கொடுத்தால், அந்தக் கிழமை அந்த நேரம் அவருடையது. யாரும் தராத கிழமையில் கையிருப்புப் பாகம் போகும். அம்பாவும் ரப்பும் கந்தளாய் அணையும் முதலில் அந்த நேரத்தில்தான் போயின. மாதிரியைக் கேட்டுப் பார்ப்பவர் குரலின் அழகையோ உச்சரிப்பையோ பார்க்க வேண்டாம். சொல்கிறவருக்கு அந்த விடயம் உண்மையில் தெரிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்றவற்றை ஒத்திகையில் சரிக்கட்டலாம்.